மேலுள்ள மூட்டும் கீழுள்ள மூட்டும்

தியானப் பகுதி: கலாத்தியர் 6:1-5



லெந்து காலம் தொடங்கி ஏறக்குறைய மூன்று மாதங்கள் என் வலதுகையை நான் சரிவரப் பயன்படுத்தவில்லை என்பதை நீங்கள் எல்லாரும் கண்டீர்கள். என்ன நடந்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம், "வண்டியிலிருந்து விழுந்துவிட்டேன், கர்த்தர் காத்தார்" என்று ஒரே வரியில் பதில் சொன்னேன். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மற்றப் பாதியை உங்களுக்குச் சொல்ல வேண்டிய கடன் எனக்கு இருக்கிறது. அதையே இந்த வாரத் தியானமாக எழுதுகிறேன்.

ஒரு புதன்கிழமை மாலை, வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்து திரும்பும் வழியில், சாலையோரம் கொட்டிக் கிடந்த மணலில் வண்டி சறுக்கியது. விழுகிற மனிதன் யாராயிருந்தாலும் முதலில் கையைத்தான் ஊன்றுவான். நானும் வலது உள்ளங்கையைத் தரையில் ஊன்றினேன். காய்ந்த முருங்கைக் கிளை ஒடிவது போன்ற ஒரு சத்தம் கேட்டது. எழுந்து பார்த்தபோது, முன்கை தன் வழக்கமான வடிவத்தில் இல்லை.

அங்கே கூடியவர்கள் அன்பினால் ஒரு காரியம் செய்தார்கள். அருகிலேயே எலும்புக்குக் கட்டுப் போடும் ஒரு பெரியவர் இருக்கிறார் என்று அழைத்துப் போனார்கள். அவர் கையை ஒருமுறை தடவினார். ஓர் இழுப்பு இழுத்தார். மூங்கில் பட்டைகளை வைத்து, முட்டை வெண்கரு தோய்த்த துணியால் இறுகச் சுற்றினார். "இருபத்தொரு நாளில் சரியாகிவிடும் ஐயா" என்றார். என் விரல்களை அசைக்கச் சொல்லவில்லை. படம் எடுக்கச் சொல்லவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை. கட்டுப் போட்டாயிற்று என்ற நிம்மதி எனக்குப் போதுமானதாயிருந்தது.

நடு இரவில் விரல்கள் வீங்கி மரத்தன. மற்றொரு கையால் விரலை நிமிர்த்தினால் முன்கை முழுவதும் தாங்கமுடியாத வலி எடுத்தது. என் மனைவி விளக்கைப் போட்டு விரல் நுனிகளைப் பார்த்தாள். ஒரு வார்த்தையும் பேசாமல் கத்திரிக்கோலை எடுத்து அந்தக் கட்டை அறுத்தாள். அந்த இரவே மருத்துவமனைக்குப் போனோம்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிப்பு. முறிந்த கை உள்ளே வீங்கும். இறுகிய கட்டு வீக்கத்துக்கு இடம் கொடாது. அப்போது தசைகளுக்கு இரத்தம் போகாது. சில மணி நேரத்திற்குள் தசை சாகத் தொடங்கும். பிழைத்தாலும் கை பறவையின் நகம்போல் நிரந்தரமாக மடங்கிச் சுருங்கிவிடும். ஜெர்மானிய மருத்துவர் ரிச்சர்ட் வோல்க்மன் 1881-லேயே இதை விவரித்திருக்கிறார். ஆகவே உங்கள் வீட்டில் ஒருவருக்கு எலும்பு முறிந்து, கட்டுப் போட்ட பின்னும் வலி கூடிக்கொண்டே போனால், விரல்கள் மரத்தால், விரலை நிமிர்த்தும்போது வலித்தால், விடியட்டும் என்று காத்திருக்காதேயுங்கள்.

மருத்துவமனையில் இருந்த மருத்துவர் என் மகள் வயதுடைய பெண். எலும்பு முறிந்த இடம் மணிக்கட்டுக்குச் சற்று மேலே என்பது கண்ணுக்கே தெரிந்தது. ஆயினும் முழங்கையும் மணிக்கட்டும் சேர்ந்து தெரியும்படி, நேராகவும் பக்கவாட்டிலும் எக்ஸ்ரே எடுக்கும்படி அவர் எழுதினார். "முறிவு இங்கேதானே அம்மா, முழங்கையை ஏன் பார்க்கவேண்டும்?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் இன்றுவரை என்னை விடவில்லை.

"ஐயா, முன்கையில் முறிவைப் பார்த்தால், மேலுள்ள மூட்டையும் கீழுள்ள மூட்டையும் பார்க்காமல் நாங்கள் முடிவு சொல்வதில்லை. எலும்பு ஓரிடத்தில் உடைந்திருக்கும்; வேறோரிடத்தில் மூட்டு நழுவியிருக்கும். உடைந்தது எல்லாருக்கும் தெரியும். நழுவியதைத் தேடினால்தான் தெரியும்."

பிரியமானவர்களே, இதை வாசித்துக்கொண்டிருக்கும்போதே முழங்கையை மடக்கி, உங்கள் வலதுகையை முன்னே நீட்டுங்கள். உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புங்கள். இப்போது உங்கள் முன்கையின் இரண்டு எலும்புகளும் இணையாகக் கிடக்கின்றன. சுண்டுவிரல் பக்கம் இருப்பது அரந்தி எலும்பு. பெருவிரல் பக்கம் இருப்பது ஆரை எலும்பு. இனி உள்ளங்கையைக் கீழ்நோக்கித் திருப்புங்கள். அரந்தி தன் இடத்திலேயே நிற்க, ஆரை அதன் குறுக்கே சுழன்று வந்துவிடுகிறது. இந்தச் சுழற்சிக்காகவே ஆரை எலும்பு நேர்க்கோடாக இல்லாமல், வில்லைப்போல் இலேசாக வளைந்திருக்கிறது. இரண்டையும் ஒரு மெல்லிய சவ்வு பிணைக்கிறது. முழங்கையில் ஒரு மூட்டும் மணிக்கட்டில் ஒரு மூட்டும் இணைக்கின்றன. ஆகவே முன்கை முழுவதையுமே ஒரே மூட்டாகக் கருதவேண்டும் என்கிறார்கள் எலும்பு மருத்துவர்கள். அங்கே ஓர் எலும்பு சில பாகை கோணலாகச் சேர்ந்தாலும், கை திரும்பாது.

உள்ளங்கை மேல்நோக்கியிருப்பது பெற்றுக்கொள்ளுகிற கை. திருவிருந்துப் பந்தியில் நீங்கள் அப்படித்தான் கை நீட்டுகிறீர்கள். உள்ளங்கை கீழ்நோக்கியிருப்பது ஒருவன் தலைமேல் வைத்து ஆசீர்வதிக்கிற கை. கொடுக்கவும் வாங்கவும் ஒரே கையால் ஆகிறது. நான் குருத்துவ அபிஷேகம் பெற்ற நாள்முதல் என் கை பெரும்பாலும் ஒரே பக்கமாகவே திரும்பியிருந்தது என்பதை, அது இரண்டு பக்கமும் திரும்பாமற்போனபோதுதான் உணர்ந்தேன்.

படத்தை விளக்கு முன் பிடித்து அந்த மருத்துவர் சில கேள்விகளைத் தமக்குத் தாமே கேட்டுக்கொண்டார். எந்த எலும்பு? ஒன்றா, இரண்டுமா? மேற்பகுதியா, நடுத்தண்டா, கீழ்ப்பகுதியா? இரண்டு துண்டாக முறிந்த எளிய முறிவா, ஆப்புப்போல் ஒரு சில்லு தெறித்த முறிவா, பல துண்டுகளாக நொறுங்கியதா? தோல் கிழிந்ததா? கிழிந்திருந்தால் காயம் 1 செ.மீ.க்கு உட்பட்டதா, பெரிதா? மூட்டுகள் தம் இடத்தில் உண்டா? 1958-இல் சுவிட்சர்லாந்தில் சில அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் ஏ.ஓ. என்ற குழுவைத் தொடங்கினார்கள். அவர்களுடைய மரபில் வந்த வகைப்பாட்டில் உடலின் ஒவ்வொரு நீண்ட எலும்புக்கும் ஓர் எண் உண்டு. முன்கைக்கு எண் 2. 2018-இல் திருத்தப்பட்ட பட்டியலின்படி என் முறிவின் பெயர் '2ஆர்2ஏ' என்று தொடங்குகிறது. அதாவது முன்கை, ஆரை எலும்பு, நடுத்தண்டு, எளிய முறிவு.

"எளிய முறிவுதானே, மாவுக்கட்டுப் போட்டால் போதாதா?" என்றேன். அவர் விரலை மணிக்கட்டுக்குக் கொண்டுபோனார். அங்கே அரந்தி எலும்பின் நுனி தன் குழியை விட்டு விலகி நின்றது. இப்படி ஆரை முறிந்து, கீழ்மூட்டு நழுவுகிற நிலைக்கு மிலான் நகர மருத்துவர் ரிக்கார்டோ கலியாட்சியின் பெயர் வழங்குகிறது. அவர் 1934-இல் இதைப்பற்றி எழுதினார். இதற்கு மறுபக்கமாக, அரந்தி முறிந்து, முழங்கையில் ஆரையின் தலை நழுவுவதும் உண்டு. அதை 1814-லேயே விவரித்த மொன்டெஜியாவும் மிலான் நகரத்தவரே. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895-இல். அதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பே, விரல்களாலும் பொறுமையாலும் ஒரு மனிதர் அந்த மறைந்த நழுவலைக் கண்டுகொண்டிருக்கிறார்.

சிறுபிள்ளைகளுக்கு இத்தகைய முறிவு பெரும்பாலும் மாவுக்கட்டினாலேயே சரியாகிவிடும். பெரியவர்களுக்கு அப்படியல்ல; தசைகள் இழுத்து இழுத்து எலும்பைக் கட்டுக்குள்ளேயே இடம்பெயரச் செய்துவிடும். ஆகவே இதை அறுவைச் சிகிச்சை கட்டாயமான முறிவு என்றே மருத்துவ நூல்கள் அழைக்கின்றன. "வகை பிரிப்பது உங்களுக்கு ஒரு பெயர் சூட்டுவதற்காக அல்ல ஐயா, என்ன செய்யவேண்டும் என்று அறிவதற்காக" என்றார் அவர்.

அந்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கை வலியைவிட அந்த வாக்கியம் அதிகமாய் வலித்தது. நான் ஒருவனுக்குப் பெயர் சூட்டியிருந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் சபையில் நடந்ததை உங்களில் பலர் அறிவீர்கள். அறியாதவர்களுக்காக மட்டும் சுருக்கமாய்ச் சொல்கிறேன். அவனும் அவன் பெற்றோரும் சம்மதித்தபின்பே எழுதுகிறேன். வாலிபர் ஐக்கியத்தின் காணிக்கைக் கணக்கை வைத்திருந்த ஒரு தம்பி, அதிலிருந்து சில ஆயிரம் ரூபாயை எடுத்துச் செலவழித்தான். கணக்குப் பார்த்தபோது வெளிப்பட்டது. கேட்டபோது ஒத்துக்கொண்டான், ஏன் என்று சொல்லவில்லை. கமிட்டி கூடியது. நாற்பது நிமிடங்களில் தீர்மானம் எழுதப்பட்டது. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிவில், அவனுடைய பெயரையும் தொகையையும் நானே பீடத்தினருகே நின்று வாசித்தேன். அவன் தாய் இரண்டாம் வரிசையில் இருந்தார்.

அவன் செய்தது பாவம்தான். அதை நான் இன்றும் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் நாங்கள் முறிவை மாத்திரம் பார்த்தோம். மேலுள்ள மூட்டையும் கீழுள்ள மூட்டையும் பார்க்கவில்லை. ஓர் இழுப்பு இழுத்து, இறுகக் கட்டி, "சரியாகிவிடும்" என்று அனுப்பிவிட்டோம். விரல் அசைகிறதா என்று கேட்கவில்லை. அந்தக் கட்டுப் போடும் பெரியவரைக் குறித்து நான் இரவெல்லாம் முறுமுறுத்துக்கொண்டிருந்தேனே, அவர் என் கைக்குச் செய்ததையே நான் என் ஆட்டுக்குட்டிக்குச் செய்திருந்தேன்.

மறுநாள் அறுவைச் சிகிச்சை. அக்குளில் ஊசி போட்டுக் கையை மட்டும் மரக்கச்செய்தார்கள். ஆகையால் நான் விழித்திருந்தேன். திரைக்கு மறுபுறம் நடப்பதைக் காணமுடியவில்லை, கேட்க முடிந்தது. முன்கையின் உட்புறத்தில் தோலைத் திறந்து, தசைகளை வெட்டாமல் அவற்றின் இடைவெளியாகவே உள்ளே போனார்கள். இரத்தக் குழாயையும் நரம்பையும் கண்டு, விலக்கிப் பாதுகாத்தார்கள். "உறையை அதிகம் உரிக்காதே" என்று மூத்த மருத்துவர் உதவியாளரிடம் சொல்வது கேட்டது. பின்பு அதைப்பற்றி விசாரித்தேன். எலும்பின்மேல் மெல்லிய உறை ஒன்று உண்டு; எலும்புக்கு இரத்தமும் புதிய உயிரணுக்களும் அதன் வழியாய் வருகின்றன. நன்றாகத் தெரியவேண்டும் என்று அதை நெடுகிலும் உரித்துவிட்டால், எலும்பு மிகத் தெளிவாகத் தெரியும். ஆனால் ஆறுவது தாமதமாகும். முறிவைச் சேர்க்க எவ்வளவு தேவையோ அவ்வளவே திறக்கவேண்டும்.

சபையின் முன் நான் வாசித்த அந்தத் தாள் நினைவுக்கு வந்தது. அவனைச் சீர்ப்படுத்த அவ்வளவு திறக்கவேண்டியிருந்ததா? அல்லது எங்கள் கைகள் சுத்தமானவை என்று காட்ட அவ்வளவு உரித்தோமா?

முறிந்த முனைகளைப் பல்லோடு பல்லாகப் பொருத்தி, ஓர் உலோகத் தகட்டை வைத்து, 3.5 மி.மீ. திருகாணிகளை முறிவுக்கு இருபுறமும் மும்மூன்றாகப் பூட்டினார்கள். அந்தத் தகட்டின் துளைகள் நீள்வட்டமானவை. திருகாணி இறுகும்போது, எலும்பின் இரு முனைகளும் ஒன்றையொன்று நெருங்கி அழுந்தும்படி அமைக்கப்பட்டவை. பின்பு மருத்துவர் என் மணிக்கட்டைப் பிடித்து, கையை இப்புறமும் அப்புறமும் திருப்பித் திரையில் பார்த்தார். "மூட்டு தானாகவே உள்ளே போய்விட்டது" என்றார். முறிந்த எலும்பு தன் சரியான நீளத்துக்கும் வளைவுக்கும் திரும்பியபோது, நழுவிய மூட்டை யாரும் தள்ளவேண்டியிருக்கவில்லை. எப்போதும் அப்படி ஆவதில்லை. சிலருக்குக் கம்பி கொடுத்து மூட்டைச் சில வாரம் நிறுத்திவைக்கவேண்டியிருக்கும். எனக்கு அந்த இரக்கம் கிடைத்தது.

இப்போது வேதத்துக்கு வாருங்கள். கலாத்தியர் 6:1-இல் பவுல், ஒருவன் குற்றத்தில் அகப்பட்டால் அவனைச் 'சீர்பொருந்தப்பண்ண' வேண்டும் என்கிறார். கிரேக்க மூலத்தில் அங்கே வருவது கதார்டிசோ என்னும் வினைச்சொல். யாக்கோபும் யோவானும் படகில் உட்கார்ந்து வலைகளைப் பழுதுபார்த்தார்கள் என்று மத்தேயு 4:21 சொல்லுமிடத்திலும் இதே சொல்தான். இச்சொல்லின் குடும்பத்தைச் சேர்ந்த பெயர்ச்சொல்லைக் கிரேக்க மருத்துவர்கள், விலகிய எலும்பை அதன் இடத்தில் சேர்ப்பதற்கு வழங்கினார்கள். இறையியல் கல்லூரியில் இதை நான் படித்தேன், தேர்வில் எழுதினேன், பலமுறை பிரசங்கித்தும் இருக்கிறேன். என் கை முறியும்வரை அந்தச் சொல்லின் எடை எனக்குத் தெரியாது. பவுல் அதை யாரிடம் ஒப்புவிக்கிறார், எந்த மனநிலையோடு செய்யச் சொல்கிறார் என்று கவனியுங்கள்: ஆவிக்குரியவர்களிடம், சாந்தத்தோடு, தானும் விழக்கூடியவன் என்ற பயத்தோடு. எலும்பு சேர்க்கிறவனுடைய கை நடுங்கவும் கூடாது, முரடாகவும் கூடாது.

எசேக்கியேல் 30:21-ஐயும் வாசித்துப் பாருங்கள். பார்வோனுடைய முறிந்த புயத்தைப்பற்றி அங்கே பேசப்படுகிறது. முறிந்த கையைக் கட்டிக் குணமாக்கும் வழக்கம் அந்நாட்களிலேயே இருந்ததென்று அதனால் அறிகிறோம். ஆனால் அந்தப் புயத்துக்கு வந்த தண்டனை, முறிந்ததோடு முடியவில்லை. அதைக் கட்டுவார் இல்லாமற்போனதும் தண்டனையாயிற்று. அந்தத் தம்பியைக் கட்டுவாரில்லாமல் விட்டவர்கள் நாம்.

தையல் பிரித்த வாரத்தில், கையைத் தூக்குத்துணியில் போட்டபடி அவர்கள் வீட்டுக்குப் போனேன். தகப்பனார் கதவைத் திறந்தார். மூன்று ஆண்டுகளில் நான் அந்தப் படியேறியது அதுவே முதல்முறை. மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன் என்று சொன்னேன். நெடுநேரம் அவர் பேசவில்லை. பின்பு சொன்னார்: வேலை போய்விட்டதை அவர் வீட்டில் மறைத்திருந்தார், வட்டிக்கு வாங்கியிருந்தார், கடன் கொடுத்தவர்கள் வாசலில் வந்து சத்தமிட்ட நாளில், தாய்க்குத் தெரியாமல் இருக்க மகன் கையிலிருந்த காணிக்கைப் பணத்தைக் கொடுத்தான். திருப்பி வைத்துவிடலாம் என்று எண்ணினான். தகப்பனைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் கமிட்டி முன் வாய் திறக்கவில்லை. "அன்றைக்கு யாராவது ஒருவர் உள்ளே வந்து இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால், நானே சொல்லியிருப்பேன் ஐயா" என்றார்.

முறிந்தது மகனிடத்தில். நழுவியது தகப்பனிடத்தில். தேடினால்தான் தெரியும்.

மகன் இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை செய்கிறான். தொலைபேசியில் பேசினேன். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "எனக்குக் கொஞ்சம் காலம் வேண்டும் ஐயா" என்றான். சரி என்றேன். என் எலும்பு கூடிவிட்டதென்று படம் காட்டும்வரை ஒரு குடம் தண்ணீரைக்கூடத் தூக்கக்கூடாது என்று மருத்துவர் தடுத்திருந்தார். அதற்கே மூன்று மாதங்களுக்குமேல் ஆயிற்று. மூன்று ஆண்டு முறிவை ஒரு தொலைபேசி அழைப்பில் சேர்த்துவிட நான் யார்?

தகடு எலும்பை ஆற்றுவதில்லை என்றும் அந்த மருத்துவர் சொல்லித் தந்தார். அது பிடித்துக்கொண்டு மட்டும் இருக்கிறது. எலும்பு சுமக்கவேண்டிய பாரத்தைச் சிலகாலம் தான் சுமக்கிறது. அந்த இடைவேளையில் ஆற்றுகிறவர் வேறொருவர். கலாத்தியர் 6:2-இல் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கவேண்டும் என்றும், 6:5-இல் அவனவன் தன் சுமையைச் சுமக்கவேண்டும் என்றும் வாசித்து, இவை முரண்படுகின்றனவா என்று சிலர் என்னிடம் கேட்டதுண்டு. என் கையைக் காட்டுகிறேன். முதலில் தகடு சுமந்தது. இப்போது எலும்பு தானே சுமக்கிறது. தினமும் காலையில் கையைத் திருப்பும் பயிற்சியை எனக்காக வேறு யாரும் செய்யமுடியாது.

கட்டோடிருந்த மாதங்களில் திருவிருந்தை வேறோர் ஆயர் வந்து பரிமாறினார். நானும் உங்களோடு முழங்காற்படியிட்டேன். வலது உள்ளங்கை முழுதும் மேல்நோக்கித் திரும்பவில்லை. பாதி திரும்பிய கையின்கீழ் இடக்கையைத் தாங்கலாய் வைத்து அப்பத்தைப் பெற்றுக்கொண்டேன். இன்றும் சில பாகை குறைவாகவே திரும்புகிறது. அந்தக் குறை இருக்கட்டும். நான் வாங்கவேண்டியவன் என்பதை அது நினைவூட்டுகிறது.

கடந்த கமிட்டிக் கூட்டத்தில் பழைய தீர்மானத்தை மறுபடி எடுத்தோம். குற்றத்தை அழிக்கவில்லை, நாங்கள் விசாரியாமல் தீர்த்தோம் என்பதையும் அதே ஏட்டில், என் கையெழுத்தோடு எழுதிவைத்தோம். அவனுடைய பெயரைப் பீடத்தினருகே வாசித்தவன் நான். ஆகவே இந்த ஞாயிறு அதே இடத்தில் நின்று இதையும் வாசிப்பேன். அவன் வருவானோ, எனக்குத் தெரியாது. அவன் தாயார் வருவதாகச் சொல்லியிருக்கிறார். நீங்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு கேள்விகள் கேட்காதேயுங்கள். பக்கத்தில் ஓர் இடம் விட்டு அமருங்கள், அது போதும்.

உங்கள் குடும்பத்தில், உங்கள் தெருவில், நீங்கள் இறுகக் கட்டி அனுப்பிவிட்ட ஒருவர் இருக்கக்கூடும். இந்த வாரம் ஒருமுறை போய், விரல் அசைகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

ஜெபம்: பரம வைத்தியராகிய ஆண்டவரே, உடைந்ததை மாத்திரம் கண்டு தீர்ப்புச் சொன்ன எங்கள் கண்களை மன்னியும். நழுவியதைத் தேடும் பொறுமையை எங்களுக்குத் தாரும். தேவைக்குமேல் ஒருவரையும் உரித்துக் காட்டாதபடி எங்கள் நாவைக் காத்தருளும். எங்கள் கைகள் கொடுக்கவும் பெற்றுக்கொள்ளவும் திரும்பட்டும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம், பிதாவே. ஆமென்.

உங்கள் ஆயர்